திருத்தம் இல்லாத வியாழக்கிழமைகள்

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய ஆள் இருப்பதாகச் சொன்னீர்கள். நான்தான் வேண்டாம் என்றேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அலெக்ஸாண்ட்ரியா பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக நகல் எழுதுகிறவன் நான். ரஷீத் ஊரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், கடிதம் என்றால் தேதி, பொருள், காரணம் என்று வரிசையாக எழுத வேண்டும் என்பார்கள். தேதியும் பொருளும் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. காரணம் மட்டும் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஒன்பதாவது கோள்' என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று முதல் நாள் சொன்னீர்கள். அதில் தப்பில்லை. விஞ்ஞானக் கதை, மாயக் கதை, பேய்க் கதை இந்த மூன்றையும் படிக்கிறவர்களுக்காக நான் நடத்தும் வாரச் செய்தி இதழ் அது. ஆரம்பத்தில் இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து நபி தானியால் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் வைத்துவிட்டு வருவேன். பிறகு மின்னஞ்சல், அதற்குப் பிறகு முகநூல். இப்போது வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மொராக்கோவிலிருந்து பஹ்ரைன் வரை நாற்பதாயிரம் பேர் திறந்து பார்க்கிறார்கள். எந்தத் தொலைக்காட்சித் தொடர் பாதியில் நின்றது, எந்தப் பரிசுக் குழுவுக்குள் அடிதடி, எந்தப் பதிப்பகம் ஓவியருக்குச் சொல்லாமல் இயந்திரத்தை வைத்து அட்டைப்படம் போட்டது, எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் கீழே என் கருத்து நாலு வரி. கடைசிப் பகுதியின் தலைப்பு 'மறைவு'.

பதினேழு வருடத்தில் எண்ணூற்று எழுபத்தொரு இதழ் போட்டிருக்கிறேன். ஒன்றில்கூட 'சென்ற வார இதழில் தவறாக' என்று ஆரம்பிக்கும் வரி வந்ததில்லை.

இது பெருமைக்காகச் சொல்வதல்ல. போன வருடம் வளைகுடாவில் ஒரு பரிசு வாங்கிய கதையை இயந்திரம் எழுதியது என்று எல்லோரும் ஒரே நாளில் எழுதினார்கள். மர்வான் என்று ஒருவன் வீடியோ போடுகிறான். அவன் அந்தப் பெண்ணின் படத்தில் கண்ணுக்குப் பதில் பல்பு வரைந்து போட்டான். நான் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் கையால் எழுதிய முதல் படிகளைக் கேட்டு வாங்கினேன். மூன்று நோட்டு, காப்பிக் கறையோடு. அவள்தான் எழுதியிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள், எனக்கு அந்த வேலை இருக்கவில்லை. அந்த வாரம் வந்த கடிதம் ஒன்றில், 'எங்க வீட்ல சண்டை வந்தா, ஒன்பதாவது கோள்ல போட்டிருக்கான்னு பாருன்னு சொல்வோம்' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு மனைவி மக்கள் இல்லை. அலுவலகத்தில் என் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இனி பஹ்கத் சுர்கானி.

எண்பதுகளில் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் அறுபத்துநாலு பேய்க்கதைப் புத்தகங்கள் எழுதியவர். அது அவருடைய புனைபெயர். நிஜப் பெயர் ஸலாமா அப்துல் மவ்லா, துறைமுகச் சுங்க அலுவலகத்தில் எழுத்தர். அலுவலகத்தில் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று கடைசிவரை ரகசியமாகவே வைத்திருந்தார். பதிப்பகமும் இழுத்து மூடியாகிவிட்டது. அந்த நிஜப் பெயர் தெரிந்த வாசகன் அநேகமாக நான் ஒருவன்தான். அதுவும் அவருடைய வீட்டுப் பத்திரத்தை ஒரு தடவை நகல் எழுதியபோது, அதில் இரண்டு பெயரும் இருந்ததால்.

எங்கள் உலகத்தில் ஒரு எழுத்தாளன் செத்த செய்தி எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். யாரும் தந்தி அடிப்பதில்லை. குடும்பத்துக்கே அவர் எழுதினார் என்பது பாதி மறந்திருக்கும். ஒரு நாள் நபி தானியால் தெருவில் ஒரு வண்டி வந்து நிற்கும். மொத்தப் புத்தகமும் இறங்கும். உள்ளே 'அன்பு நண்பருக்கு' என்று மற்ற எழுத்தாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதிகள் இருக்கும். உயிரோடு இருப்பவன் அதை விற்க மாட்டான். விற்றால் பிள்ளைகள்தான் விற்க வேண்டும், அதுவும் நாற்பதாம் நாள் முடிவதற்குள். அப்படித்தான் ஏழு பேருடைய மறைவை மற்ற எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். ஏழும் சரியாக இருந்தது.

நவம்பர் இருபத்தெட்டு, வியாழக்கிழமை மதியம், கடைக்காரர் ஹாஜி பல்தாகி எனக்குப் போன் செய்தார்.

"நஷாத், உங்க ஆளு ஒருத்தர் வந்து இறங்கியிருக்காரு. பதினெட்டு மூட்டை."

"யாரு ஹாஜி?"

"பஹ்கத்துக்கு, பஹ்கத்துக்குன்னு கையெழுத்து. அறுபத்துநாலு புத்தகத்தோட கைப்பிரதியும் கிடக்கு. எலி கூட கடிக்கல பாவம்."

"யார் கொண்டுவந்து போட்டது?"

"வண்டிக்காரன். வீட்டைக் காலி பண்றாங்களாம். அல்லாஹ் அவருக்கு இரக்கம் காட்டட்டும்."

போய்ப் பார்த்தேன். கையெழுத்துகள் உண்மைதான். அத்தாரீனில் இருந்த அவருடைய பழைய வீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது. வழக்கமாக மூன்றாவதாக ஒரு ஆளைக் கேட்பேன். அன்று மூன்றரை மணிக்கு மர்வான், 'ஒரு பெரியவரைப் பற்றிய துக்கச் செய்தி, காத்திருங்கள்' என்று போட்டிருந்தான். அவனை முந்தவிட்டால் இவர் படத்திலும் பல்பு வரைவான் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. தொள்ளாயிரம் சொல். இதுவரை நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். மர்வான் சொல்ல இருந்தது வேறு ஆளைப் பற்றி. அது அன்று இரவே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை அலுவலகத்தில் இருக்கும்போது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"உஸ்தாத் நஷாத்தா? நான் பஹ்கத் சுர்கானி பேசறேன். செத்துப்போனேனே, அவன்."

எழுதிக்கொண்டிருந்த நகலை மூடி வைத்தேன்.

"ரேடியோல உங்க கட்டுரையை முழுசா வாசிச்சாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சுய்யா. ஒரே ஒரு தப்பு. எனக்கு மீசை கிடையாது."

அன்றே அவரைப் பார்க்கப் போனேன். பாக்கோஸ் பகுதியில் ஐந்தாவது மாடியில் இரண்டு அறை. சுவர் முழுக்கக் காலி அலமாரி. கண்ணில் நீர் அழுத்தம் ஏறி இரண்டு வருடத்தில் பார்வை போய்விட்டது என்றார். படிக்க முடியாத புத்தகங்களோடு ஒரே வீட்டில் இருப்பது, பேச்சை நிறுத்திவிட்ட மனைவியோடு இருப்பது மாதிரி என்றார். அதனால்தான் சின்ன வீட்டுக்கு மாறியபோது எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். உயிரோடு இருப்பவன் விற்க மாட்டான் என்று நான் சொன்னேன் இல்லையா? கண் போனவன் விற்பான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். திருத்தத்தை எப்படி எழுதுவது என்று யோசிக்க.

"ஒரு வாரம் என்னய்யா, ஒரு மாசம் இருந்துக்கறேன். சாகப்போறதுதான் கஷ்டம். செத்தது சுகமாத்தான் இருக்கு. அந்தக் கடிதம் எல்லாம் வந்திருக்காமே, கொண்டாங்க, படிங்க."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்ததும் ஈரல் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு போவேன். அவர் சாப்பிடுவார், நான் படிப்பேன். அவரை எல்லோரும் மறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. இப்போது கடிதம் நூற்றுக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. கெய்ரோவில் ஒரு பதிப்பகம் அறுபத்துநாலையும் மறுபடி போடுவதாக அறிவித்தது. ஜனவரி பதினெட்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு ஒரு கலாசார மையத்தில் நினைவுக் கூட்டம் என்று முடிவானது. அதில் நான் பேச வேண்டும் என்று கேட்டார்கள். இத்தனையும் ஒரு பிழையிலிருந்து வந்தது. உயிரோடு இருந்தபோது யாரும் தரவில்லை. அவருக்கு நான் கெடுதல் செய்ததாக நீங்கள் எழுதுவீர்கள். இந்த ஏழு வாரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அதே கட்டடத்தில் எதிர்ப்பக்கம் கீழ்மாடியில் இருக்கும் மதாம் ஈவெட்டுக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்த அம்மாவின் போனில்தான் பஹ்கத் அன்று என்னை அழைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா படியில் என்னை மறித்தார்.

"ஏன் உஸ்தாத், இவரு எப்ப உயிர்த்தெழப் போறாரு? எங்க ஆளுக்கு மூணு நாள்தான் ஆச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மாற்றம், மறைவுச் செய்தி வெளியான நாலாவது வாரம் வந்தது. அசியூத்திலிருந்து நெர்வானா என்ற பெண் எழுதியிருந்தாள். பதினொரு வயதில் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கிடந்தாளாம். பேய்க்கதையில் வருகிற பேய் போன பிறகு விடிந்துவிடும் என்பதால், அவருடைய புத்தகத்தை வைத்துத்தான் ஒவ்வொரு இரவையும் தள்ளினாளாம். 'நன்றி சொல்லணும்னு பதினஞ்சு வருஷமா நினைச்சேன். எங்க எழுதறதுன்னு தெரியல. இப்ப யாருக்குச் சொல்ல?' என்று முடித்திருந்தாள்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க."

"போடக் கூடாது உஸ்தாத்."

"அது அங்க அழுதுக்கிட்டு இருக்குய்யா. நான் இங்க உக்காந்து ஈரல் தின்னுக்கிட்டு இருக்கேன்."

அதோடு அவருக்குச் செத்திருப்பதில் ருசி போய்விட்டது. அடுத்த வாரம் சாண்ட்விச்சைத் தொடவில்லை. அதற்கடுத்த வாரம் கெஞ்சினார். எழுபத்திரண்டு வயது மனிதர், தடவித் தடவி என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு வரி போதும்யா. தப்பா போயிடுச்சு, ஆளு இருக்காருன்னு. அதுல உங்களுக்கு என்ன குறைஞ்சுபோயிடும்?" என்றார்.

என்ன குறைந்துபோகும் என்று அவருக்கு நான் விளக்கவில்லை. உங்களுக்கும் விளக்க முடியுமா என்று தெரியவில்லை. அந்த நாலு வரியை நான் எழுதிப் பார்க்காமல் இல்லை. பதினொரு தடவை எழுதினேன். 'சென்ற நவம்பர் இதழில் தவறாக' என்பதற்கு அப்புறம் கை போகாது. ஒரு தடவை திருத்தம் வந்துவிட்டால், அதற்கு முன்னால் வந்த அத்தனை இதழையும் ஜனங்கள் திரும்பப் போய்ச் சந்தேகத்தோடு புரட்டுவார்கள். மர்வான் அப்போதே எங்கிருந்தோ மோப்பம் பிடித்து, 'ஒன்பதாவது கோளுக்கு மேல வேற பதிவேடே கிடையாது, வானத்துல சாவுக் கணக்கு எழுதறவங்களும் அங்க பார்த்துத்தான் எழுதறாங்க' என்று கிண்டல் செய்துகொண்டிருந்தான். அலுவலகத்தில் ஒரு விற்பனைப் பத்திரத்தில் வாங்குபவர் பெயரை விற்பவர் இடத்தில் எழுதினேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. கழிப்பறையில் போய் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி பத்தாம் தேதி அவர் கெஞ்சுவதை விட்டுவிட்டு, சந்தோஷமாக ஒரு யோசனை சொன்னார்.

"நீங்க எழுத வேணாம். கூட்டத்துக்கு நானே வந்துடறேன். நீங்க மேடையில என்னைப் பத்திப் பேசி முடிக்கறப்ப, பின்னாலேருந்து நான் நடந்து வர்றேன். அறுபத்தஞ்சாவது கதை. எவனும் நாற்காலியில இருக்க மாட்டான்."

அசியூத் பெண்ணும் வருகிறாளா என்று கேட்டார். ரயிலில் இடம் போட்டிருக்கிறாள் என்றேன். அது உண்மை. நானே கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னேன். சொன்னபோது அதுவும் உண்மைதான்.

பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்குப் போனேன். அந்த வாரம் ஞானஸ்நானப் பெருநாளை ஒட்டி வருகிற புயல். கடலோரச் சாலையை மூடிவிட்டார்கள். அவர் சுங்க அலுவலகத்து நாளில் தைத்த கோட்டைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தார். குளித்துச் சவரம் செய்ய வேண்டும் என்றார். குளியலறையில் கேஸ் ஹீட்டர். நம் ஊரில் வருடா வருடம் குளிர்காலத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு இதன் விஷவாயுவில் எத்தனை பேர் போகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அவர் அந்த ஜன்னலை மூடவே மாட்டார். காற்றில் தானாக அடித்துக்கொள்ளக் கூடாது என்று, துணி உலர்த்தும் கயிற்றால் வெளிக் கம்பியோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"அந்த ஜன்னல் பக்கம் மட்டும் கை வச்சிடாதீங்க. இந்த ஹீட்டர் இருக்கே, உயிரெடுக்கிற இஸ்ராயீலோட சின்னத் தம்பி."

உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "குளுருதுய்யா" என்றார்.

"ரொம்பக் குளுருதா உஸ்தாத்?"

"செத்தவன் உடம்பு வேற எப்படி இருக்கும்?"

சமையலறை ஜன்னலும் குளியலறை ஜன்னலும் கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட குழிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சமையலறையிலிருந்து கையை நீட்டினால் எட்டும். குளிருகிறது என்று சொன்னார், மூடினேன். மூன்று நாளாக உங்களிடம் நான் ஒரு தடவை இதைச் சொன்னேன், ஒரு தடவை காற்று மூடியிருக்கும் என்றேன். காற்றுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். மதாம் ஈவெட் கீழே, அதே குழியைப் பார்த்த தன் சமையலறையில் பண்டிகைக்குச் சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர், பொத்தான் போட்ட சட்டைக்கை ஒன்று வெளியே வந்து நிதானமாகக் கயிற்றை அவிழ்த்ததைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார். முழுப் புயலில் ஏன் அவசரமே இல்லாமல் ஒரு கை அவிழ்க்கிறது என்று யோசித்தாராம். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. ஈரமாக இருந்ததால் நேரம் பிடித்தது. அவிழ்க்கும்போது ஹீட்டர் எரிவதும் எனக்குத் தெரியும், மூடினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். குளிரைப் பற்றி நான் நினைக்கவில்லை.

அதன் பிறகு முன்னறையில் போய் உட்கார்ந்தேன். மேடையில் சொல்ல வேண்டியதை அவர் உள்ளே உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'மன்னிக்கணும், கொஞ்சம் தாமதமாயிடுச்சு' என்று ஆரம்பித்தார். சிரிப்பதற்கு இடம் விட்டார். அப்புறம் நெர்வானா என்று ஒரு பெண் வந்திருக்கிறாளா, கையைத் தூக்கும்மா, எனக்குத் தெரியாது, யாராவது தூக்கியிருக்காளான்னு சொல்லுங்க என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி அதிகமாக இருந்தது. மூன்றாவது தடவை பெயரோடு நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நான் இருபது நிமிடம் இருந்தேன். கதவைத் தட்டவில்லை.

ஓய்வுபெற்ற சுங்க எழுத்தர் ஸலாமா அப்துல் மவ்லா, கேஸ் விபத்து. அரசுப் பதிவேட்டில் அப்படி ஒரு வரி ஏறும். எங்கள் வாசகர் யாரும் அந்தப் பதிவேட்டைப் புரட்டப் போவதில்லை. அதிலும் சரி, என் இதழிலும் சரி, எதையும் அடித்துத் திருத்த வேண்டியிருக்காது. நான் யோசித்தது அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு மேடையில் பேசினேன். அரங்கம் நிறைந்து வெளியே மழையில் ஆட்கள் நின்றார்கள். முடிந்ததும் ஒல்லியாக ஒரு பெண் என்னிடம் வந்தாள். ரயிலில் வந்த உடையோடு இருந்தாள். யார் என்று அவள் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"உஸ்தாத், கடைசில அவரு கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா. அவருக்குத் தெரியவே தெரியாது."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள். என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. மருத்துவ அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

கொன்றது நான்தான். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் குற்றப்பத்திரிகையின் வரைவை இன்று காலை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. 'எழுத்தாளர் பஹ்கத் சுர்கானி ஜனவரி பதினெட்டாம் தேதி இறந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஜனவரி பதினெட்டில் இறந்தவர் ஸலாமா அப்துல் மவ்லா. பஹ்கத் சுர்கானி இறந்தது நவம்பர் இருபத்தெட்டு, வியாழக்கிழமை. அது ஏற்கெனவே வெளியாகியிருக்கிறது. உங்கள் தாளில் திருத்தி அனுப்பினால் உடனே கையெழுத்திட்டுத் தருகிறேன்.

நஷாத் கல்லாஃப்